தலைப்பில்லாத ஏழாம் கேள்வி

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்பா பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

சீவுவதற்கென்று வீட்டில் ஒரு கருவி இருந்தது. நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதை அவர் தொட்டதே இல்லை. அரைச் சவர பிளேட்டை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு, சுப்பர்மாக்கற் விளம்பரத் தாளை மடியில் விரித்து, சீவல் ஒவ்வொன்றையும் அதில் விழுத்திக்கொண்டிருந்தார். குசினியில் அம்மா ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஸ்காபரோ முழுவதும் பனி கொட்டிக் கிடந்தது.

மேசையில் ஒரு கோவை இருந்தது. மண்ணிற மட்டை, நாடாக் கட்டு. மேலே அப்பாவின் குண்டு எழுத்தில் 'சுமதி, விவாகம், இல. 4' என்று எழுதியிருந்தது.

நான்தான் அந்தச் சுமதி. இல. 4 என்பவர் என்னை லிஃப்டிலிருந்து மீட்டவர். அவருடைய தாயார் ஒஷாவாவிலிருந்து புறப்பட்டுவிட்டார் என்று அரை மணித்தியாலத்துக்கு முன் தொலைபேசி வந்திருந்தது. எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அன்று பின்னேரம் அந்தக் கோவையில் அப்பா என்ன எழுதுவார் என்பதில் என் சீவியம் தொங்கிக்கொண்டிருந்தது.

லிஃப்டின் மேலே நிற்பவர்

போன கிழமை இந்தப் பத்தியை வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே நானும் ஒரு கூடை ஈர உடுப்பும். முக்கால் மணி நேரம் கழித்து மேலே கதவு திறந்தது. முதலில் ஒரு சோடிச் சப்பாத்து தெரிந்தது, பிறகு லெஸ்லி பிள்ளை தெரிந்தார்.

லெஸ்லி தென்னாபிரிக்காவில் டர்பன் நகரத்துக்காரர். அவருடைய பூட்டன் கரும்பு வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் ஏறியவர். லெஸ்லிக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்: அம்மா, தண்ணி, போடா. மூன்றையும் சரியான இடத்தில் பாவிப்பார்.

அங்கேயும் அவருக்கு லிஃப்ட் வேலைதான். வெள்ளைக்காரருக்கு ஒரு லிஃப்ட், மற்றவர்களுக்கும் சாமான்களுக்கும் சேர்த்து வேறொன்று. வெள்ளைக்காரருடைய லிஃப்ட் பழுதானால் லெஸ்லி அதன் கூரையில் ஏறி நின்று திருத்தலாம். உள்ளே நிற்கக் கூடாது. "ஆறு வருசம் அந்த லிஃப்டில் போய் வந்தேன், ஒரு நாளும் உள்ளே போனதில்லை" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

கச்சேரி எங்கள் வீட்டில்

அப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில் காணிப் பகுதியில் கிளாக்கராக இருந்தவர். கச்சேரி என்றவுடன் பாட்டு என்று நினைக்காதீர்கள், அங்கே அது அரசாங்கக் கந்தோர், அதாவது அலுவலகம். யுத்தம் அவரைக் கச்சேரியிலிருந்து கிளப்பியதே தவிர, கச்சேரியை அவரிடமிருந்து கிளப்ப முடியவில்லை. முதலில் பார்க்டேலில் ஒரு நிலக்கீழ் அறை, பிறகு ஸ்காபரோவில் இந்த அப்பார்ட்மென்ட். எங்கே போனாலும் வீட்டு விசயங்களுக்குக் கோவை திறப்பார்.

மாப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு கோவை. ஓரத்தில் குறிப்பு எழுதுவார்: 'அபிப்பிராயத்துக்காக அனுப்பப்படுகிறது.' யாருக்கு? நாலடி தள்ளி வெங்காயம் உரிக்கிற அம்மாவுக்கு. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து 'பார்த்தேன்' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தால்தான் கோவை அடுத்த கட்டத்துக்கு நகரும். முதல் மூன்று கோவைகளும் பாதி வழியில் படுத்துவிட்டன.

ஒரு விதி உண்டு. முடிவு வரும்வரைக்கும் எல்லாம் பென்சிலில்தான். முடிவான பிறகுதான் மை. சட்டைப் பையில் ஒரு பேனை எப்போதும் குத்தியிருக்கும். என் கலியாண விசயத்தில் அது ஒரு தடவைகூட வெளியே வந்ததில்லை.

கோவைக்குள் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு பத்திரம். பெயர், படிப்பு, தொழில், பெற்றோர், சகோதரங்கள், பரம்பரை வருத்தங்கள். ஏழாவது கேள்விக்குத் தலைப்பு இல்லை. இலக்கம் மட்டும் போட்டு, பக்கத்தில் ஒரு கோடு.

யாழ்ப்பாணத்தார் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வியை எங்கள் ஆட்கள் வாயால் கேட்பதில்லை. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயில், கோயிலுக்கு அடுத்த வளவு ஆருடையது என்று சுற்றிச் சுற்றி விசாரித்து, வீட்டுக்கு வந்து கோட்டை நிரப்புவார்கள். கனடாவுக்கு வரும்போது கலியாணச் சேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்கூட இந்தக் கேள்வியை மறக்காமல் கொண்டு வந்திருந்தார்கள்.

லெஸ்லியின் முழுப்பெயரைக் கேட்டதும் அப்பாவின் முகம் மலர்ந்தது.

"பிள்ளையோ? அப்ப எங்கடை ஆக்கள்தான்."

"அப்பா, அது கப்பல் கிளாக்கர் எழுதின பேர். லெஸ்லியின்ரை பூட்டன்ரை பேர் முனியன். முன்னுக்கு நிண்டவருக்குப் பிள்ளை எண்டு எழுதின கிளாக்கர், அந்த வரிசை முழுக்க அப்பிடியே எழுதிப்போட்டாராம்."

அப்பா இல்லையென்று தலையாட்டினார். "ஒரு கிளாக்கர் அப்பிடிச் செய்யமாட்டான்" என்றார்.

'மற்றது' என்று ஒரு சாதி

அப்பா ஆவணம் கேட்டார். லெஸ்லியும் பாவம், தன்னிடமிருந்ததையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் அவருடைய அம்மாவின் பழைய அடையாளப் பத்திரமும் இருந்தது. இனம் என்ற இடத்தில் அரசாங்கமே தட்டச்சில் அடித்திருந்ததைத் தமிழில் சொன்னால், 'நிறத்தவர் – மற்றது' என்று வரும்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன உது? மற்றது எண்டால் என்ன? மற்றது எண்டு ஒரு சாதி இருக்கோ?"

வீட்டில் முதல் தடவையாக அந்தச் சொல் வெளியே வந்தது. அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

விளங்காத பத்திரம் ஒன்று கையில் வந்தால் அப்பாவுக்கு நித்திரை வராது. அடுத்த மூன்று கிழமையும் நூலகத்தில்தான் இருந்தார். தோற்சப்பாத்தும் குரங்குத் தொப்பியுமாகப் பனிக்குள் நடந்து போய், அந்த நாட்டுச் சட்டங்களை வரிசையாகப் படித்து, புல்ஸ்கேப் தாளில் குறிப்பெடுத்து வந்தார். இராச்சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். புட்டுக்கு மேலே நான் தென்னாபிரிக்கச் சரித்திரத்தைப் போட்டுச் சாப்பிட்ட காலம் அது.

முதலில் வந்தது காணிச் சட்டம். காணிப் பகுதி ஆள் என்பதால் அதிலேயே இரண்டு நாள் நின்றார். நாட்டில் பெரும்பான்மையாக இருந்த கறுப்பர், ஒரு மூலையைத் தவிர வேறெங்கும் நிலம் வாங்கக் கூடாது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, ஆட்களைத் தனித்தனியாக வைப்போம் என்று சொல்லியே ஒரு கட்சி தேர்தலில் வென்றது. வாக்குப் போட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். பிறகு சட்டத்துக்கு மேல் சட்டம். ஒவ்வொருவருக்கும் இனம் எழுதப் பதிவுச் சட்டம். ஒவ்வோர் இனமும் எங்கே குடியிருக்கலாம் என்று பகுதிச் சட்டம். வெள்ளையர் மற்றவரைக் கலியாணம் கட்டத் தடை. உட்காரும் வாங்கு, கடற்கரை, தபால்கந்தோர் யன்னல் எல்லாம் வேறு வேறாக வைக்க இன்னொரு சட்டம்.

"ஒண்டுக்கொண்டு சமமா இருக்கத் தேவையில்லை எண்டும் எழுதியே வைச்சிருக்கிறாங்கள்" என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் இருந்தது, எழுதி வைத்ததில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது.

வெள்ளையர் என்றால் யார் என்பதற்கான வரைவிலக்கணத்தை மூன்று தரம் வாசித்தார். பார்த்தால் வெள்ளையாகத் தெரிபவர் வெள்ளையர். வெள்ளையர் என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவரும் வெள்ளையர். ஆனால் பார்த்தால் வெள்ளையாகத் தெரிந்தாலும், நிறத்தவர் என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் வெள்ளையர் அல்லர்.

"உதை எழுதினவன் நிச்சயமா எங்கடை கச்சேரியிலை வேலை செய்தவன்."

ஜப்பானியர் வியாபாரத்துக்கு வேண்டியவர்கள் என்பதால் அவர்கள் கௌரவ வெள்ளையர். சீனர் அப்படியில்லை. சந்தேகமான ஆட்களை விசாரிக்க ஒரு சபை இருந்தது. காலையில் கஞ்சி சாப்பிடுகிறாயா, படுப்பது கட்டிலிலா தரையிலா என்றெல்லாம் கேட்டு இனத்தைத் தீர்மானிப்பார்களாம். கஞ்சியும் தரையும் என்றால் கறுப்பராம்.

"படுக்கிற இடத்தை வைச்சு ஆளை முடிவுசெய்யிறதோ? விசர்க் கூட்டம்" என்று அப்பா மேசையில் தட்டினார். "மனுசரே உவங்கள்? தனிக் கடற்கரையாம், தனிக் கோப்பையாம்!"

அம்மா சொதியை ஊற்றியபடி கேட்டார். "எங்கடை சந்தித் தேத்தண்ணிக் கடையிலை சில ஆக்களுக்கெண்டு தனிப் பேணி தொங்கினது மறந்துபோச்சே உங்களுக்கு?"

"அது வேறை."

"என்ன வேறை?"

"அது சட்டம் இல்லை. ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."

"அப்ப எழுதாமலே தொங்கினது" என்றார் அம்மா. அப்பா சொதி காணும் என்று கையால் மறித்தார்.

அடுத்த நாள் நூலகத்திலிருந்து இன்னொரு சேதியோடு வந்தார். இந்தக் கனடாவிலும் ஒரு காலத்தில் பூர்வகுடிகள் தங்கள் ஒதுக்கிடத்தைவிட்டு வெளியே போக, அரசாங்க ஏஜன்ற் ஒருவரிடம் அனுமதித் துண்டு வாங்க வேண்டியிருந்ததாம். "இஞ்சையும் ஒரு ஏஜன்ற்" என்று மெல்லச் சொன்னார். கச்சேரியில் அவருடைய பெரிய துரைக்கும் அதுதான் பதவிப் பெயர். அன்று அவர் குறிப்பு வாசிக்கவில்லை.

இவ்வளவும் படித்த மனிதர் ஏழாம் கேள்வியைக் கிழித்தெறிவார் என்று நான் நினைத்தேன். என்னைப்போல் விசரி இல்லை. மூன்று கிழமைக் குறிப்பையும் ஒழுங்காக அடுக்கிக் கோவையில் கட்டிவிட்டு, ஓரத்தில் எழுதினார்: 'மேற்படி சட்டங்கள் யாவும் அநியாயமானவை. ஆயினும் கேள்வி 7 இன்னும் தீரவில்லை. தாயாரை நேரில் விசாரிக்கவும்.'

நான் கத்தினேன். அழுதேன். அம்மா அந்தக் குறிப்பின் கீழே 'பார்த்தேன்' என்று எழுத மாட்டேன் என்றார். எங்கள் வீட்டில் அதற்கு முன் நடந்திராத காரியம் அது. அப்பா அசையவில்லை.

மேபல் அன்ரி

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

லெஸ்லியின் தாயார் மேபல், அறுபது வயது இருக்கும், உயரமான பெண். நரைத்த தடித்த கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டு, ஒரு நீண்ட ஊசி குத்தியிருந்தார். எங்கள் சோபா மிருதுவானது. அதைத் தவிர்த்துச் சாப்பாட்டு மேசைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். லெஸ்லி அவருக்குப் பின்னால் நின்றார். முகச்சவரம் செய்யும்போது தாடையில் வெட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா எதிரே இருந்து கோவையின் நாடாவை அவிழ்த்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். அவருடையது கச்சேரி ஆங்கிலம். தமிழில் சொல்வதென்றால் இப்படித்தான் வரும்.

"அம்மணி, தங்கள் தகப்பனார் எவ்விடத்தைச் சேர்ந்தவர்?"

"டர்பன், ஐயா. தமிழர். கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர்."

"தாயார்?"

"சூலு, ஐயா. அந்த நாட்டுக் கறுப்பர்."

அப்பாவின் பென்சில் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

"எந்தக் கோயிலுக்குப் போவீர்கள்?"

"அப்பாவோடு காவடிக்குப் போவோம். அம்மாவோடு மாதா கோயிலுக்குப் போவோம்."

"அயலில் யார் யார் இருந்தார்கள்? உங்கள் வீட்டில் யார் வந்து சாப்பிடுவார்கள்? நீங்கள் யார் வீட்டில் சாப்பிடுவீர்கள்?"

அன்ரி ஒவ்வொன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொன்னார். பாடமாக்கிய பிள்ளை வாய்ப்பாடு சொல்வதைப்போல ஒரே குரலில் வந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் அப்பா கேட்கும் முன்பே அடுத்த பதில் வந்தது. "எண்ணெயில் சமைப்போம் ஐயா, கொழுப்பில் இல்லை." அப்பா எண்ணெயைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நான் லெஸ்லியைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "கடைசியாக, அம்மணி..." என்று தொடங்கி, ஏழாம் கேள்வியில் பென்சில் முனையை வைத்து, அதற்குத் தலைப்பு இல்லாதபடியால் எப்படிக் கேட்பதென்று தெரியாமல் அப்படியே இருந்தார்.

அன்ரி அந்தப் பென்சிலைப் பார்த்தார். பிறகு கைப்பையை மேசையில் வைத்தார். எழுந்தார். கொண்டை ஊசியை இழுத்து எடுத்துப் பைக்குப் பக்கத்தில் வைத்தார். கூந்தல் பொலுபொலுவென்று தோளில் விழுந்தது. மேசையைச் சுற்றி வந்து அப்பாவுக்கு முன்னால் நின்று தலையைக் குனிந்தார்.

அப்பா பதறி எழுந்தார். ஒரு பெண் முன்னால் வந்து தலை குனிந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான். அவருடைய கை தானாக எழும்பியது. "நல்லா இருங்கோ அம்மா" என்று தமிழில் சொல்லி, பென்சில் பிடித்த கையை அப்படியே அவருடைய தலைக்கு மேலே கொண்டுபோனார்.

"வேண்டாம்!" என்று லெஸ்லி கத்தினார்.

குசினியில் ஏதோ விழுந்து உருண்டது. அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

விழுந்ததா, நின்றதா

லெஸ்லிதான் சொன்னார். அந்த நாட்டில் ஆளைப் பார்த்து இனம் தெரியாவிட்டால் அதிகாரி தலைமயிருக்குள் ஒரு பென்சிலைச் செருகுவார். தலையை ஆட்டச் சொல்லுவார். பென்சில் விழுந்தால் ஒரு இனம், நின்றால் வேறொரு இனம். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. நூலகத்தில் அப்பாவுக்கு அது கிடைக்காததில் ஆச்சரியமில்லை.

அப்பா பென்சிலை மேசையில் வைத்தார். அது உருண்டது. அதை நிறுத்தக்கூட அவர் கையை நீட்டவில்லை.

பிறகு கேட்டார். "விழுந்ததா, அம்மணி?"

"எனக்கு நின்றது, ஐயா. தங்கச்சிக்கு விழுந்தது. அப்பா செத்த பிறகு யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள், நாங்கள் இந்தியர் இல்லையென்று. ஒரே நாள், ஒரே அறை, ஒரே பென்சில். அவளை இந்தியர் என்று எழுதினார்கள். எனக்கு அப்பாவின் பேரைப் பார்த்துவிட்டு, மற்றது என்று எழுதினார்கள்."

"தாயார்?"

"அம்மாவுக்குப் பென்சில் தேவைப்படவில்லை."

மூன்று பேரும் மூன்று பகுதியில் குடியிருந்தார்களாம். தாயார் மகள்களைப் பார்க்க வருவதற்குக் கையில் பாஸ் வைத்திருக்க வேண்டும். ஒரு கிறிஸ்மஸுக்கு அதை மறந்துவிட்டு வந்தபடியால், இரண்டு நாள் பொலிஸில் இருந்தாராம்.

அம்மா குசினியிலிருந்து வந்தார். அன்ரியைக் கதிரையில் இருத்தி, பின்னால் நின்று, விரல்களால் கூந்தலைக் கோதித் திரட்டிக் கொண்டை போட்டு, ஊசியைக் குத்திவிட்டார். கையில் ரோல்ஸ் எண்ணெய் இருந்திருக்க வேண்டும், அன்ரியின் நெற்றியோரம் மினுங்கியது.

அப்பா கதிரையில் சுருங்கிப்போய் இருந்தார். எனக்கு அவர்மேல் இத்தனை நாளாக இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

"கேள்வி ஏழு..." என்றார். "கேள்வி ஏழு வாபஸ் பெறப்படுகிறது, அம்மணி."

அன்ரி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை நீட்டிக் கோவையைத் தன் பக்கம் திருப்பினார். பென்சிலை எடுத்துக்கொண்டார்.

"இப்போது நான் கேட்கலாமா?"

அப்பா தலையாட்டினார்.

"காலையில் என்ன சாப்பிடுவீர்கள், ஐயா?"

"குரக்கன் களி. எனக்கு நீரிழிவு."

"அது கஞ்சி மாதிரியா?"

"ஏறக்குறைய."

"படுப்பது கட்டிலிலா, தரையிலா?"

அப்பா தன் கையைப் பார்த்தார். கொஞ்ச நாளைக்கு முன் இதே மேசையில் தட்டியது அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு வந்துவிட்டது. வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு எழும்பியது.

"தரை!" என்றார் அம்மா பின்னாலிருந்து. "சொல்லு சுமதி அவவுக்கு. கட்டில் வாங்கி ஒரு வருசம். நாரிப்பிடிப்பு எண்டு பாயைப் போட்டுத் தரையிலைதான் கிடக்கிறார்."

நான் மொழிபெயர்த்தேன். அன்ரி முகத்தைச் சுளிக்காமல், மிகப் பெரிய உத்தியோகத்தர்போல, ஏழாம் இலக்கத்துக்கு எதிரே ஒரு சொல் எழுதி, கோவையை அப்பாவிடம் திருப்பித் தள்ளினார். ஆங்கிலத்தில் நேற்றிவ், அதாவது சுதேசி என்று எழுதியிருந்தது. அவருடைய தாயாருக்கு அந்த நாட்டு அரசாங்கம் எழுதிக் கொடுத்த அதே சொல். இன வரிசையில் ஆகக் கடைசியாக வருவது.

பிறகுதான் அன்ரி சிரித்தார். லெஸ்லி சிரித்தார். நான் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தேன்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்தச் சொல்லை ஆறுதலாக, எழுத்தெழுத்தாக வாசித்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டார். பேனையை எடுத்து, மூடியைக் கழற்றிப் பின்பக்கம் பூட்டி, அந்தச் சொல்லின் கீழே 'பார்த்தேன். சரி' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார்.

அம்மா என் கையை எட்டிப் பிடித்தார். எண்ணெய்ப் பிசுபிசுப்பும் சூடுமாக இருந்தது அந்தக் கை.

"எடி சுமதி," என்றார் காதுக்குள். "மனிசன் மையாலை எழுதுது."